அரசின் உடைமை அயலான் பெட்டியிலே!

தோழரே!

பூட்டுக்குப் பேர்போன ஊர் எது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளையும் சொல்லும், திண்டுக்கல் என்று. மாங்காய் வடிவிலே பூட்டு, கைவிரல் திறனிலே விளைந்த பூட்டு, கள்ளச்சாவிக்கு மசியாத பூட்டு! 2019ஆம் ஆண்டிலே புவிசார் குறியீடு என்ற பட்டயமும் தந்தார்கள் அந்தப் பூட்டுக்கு. பட்டயம் வந்தது, பட்டறைகள் பல அதற்கு முன்பே மூடிக்கிடந்தன. அலிகாரிலிருந்து வந்து குவிந்த மலிவுப் பூட்டு, நம்மவர் அடுப்பைப் பூட்டிற்று.

பட்டறையிலே உலை அவிந்தது. தோல் பதனிடும் தொழில் தேய்ந்தது. வானம் பார்த்த வேடசந்தூர்ப் பக்கத்துக் காடுகளிலே சோளம் கருகிற்று. என்ன செய்வான் இளைஞன்? நிலக்கோட்டைப் பூவும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் எத்தனை பேருக்குத்தான் சோறு போடும்? ஏறினான் விமானம். ரியாத் என்றான், தோகா என்றான், குவைத் என்றான், கோலாலம்பூர் என்றான். போன இடத்திலே, பூட்டு செய்த ஊரின் பிள்ளையைப் பூட்டிவிட்டான் புதிய எசமான்! ஆளைப் பூட்டவில்லை, தோழரே. ஆளைப் பூட்டினால் அலறுவான், அக்கம்பக்கம் கேட்கும். தாளைப் பூட்டினான்! கடவுச்சீட்டு என்று நாம் எழுதும், பாஸ்போர்ட்டு என்று ஊரார் சொல்லும் அந்தத் தாளை வாங்கித் தன் இரும்புப் பெட்டியிலே வைத்துக்கொண்டான். ஆள் தானாகப் பூட்டப்பட்டான்.

அந்த நீலப் புத்தகத்தை ஒருமுறை கையிலே எடுத்துப் பாருங்கள். முகப்பிலே சிங்கங்கள் சீறி நிற்கின்றன. உள்ளே, குடியரசுத் தலைவர் பெயரால் உலகத்து அரசுகளுக்கெல்லாம் ஒரு வேண்டுகோள்: இதை ஏந்தி வருபவரைத் தடையின்றிச் செல்ல விடுங்கள், உற்ற உதவியும் காப்பும் தாருங்கள் என்னும் பொருளிலே. என்ன மிடுக்கு! என்ன கம்பீரம்! அந்த மிடுக்கு முழுவதும் இன்று ஓர் ஒப்பந்தக்காரன் மேசை அறையிலே, பழைய ரசீதுக் கட்டுக்கு அடியிலே கிடக்கிறது.

இந்தப் புத்தகம் யாருடையது? பணம் கட்டியவனுடையதா? படம் ஒட்டியவனுடையதா? இல்லை. 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: கடவுச்சீட்டு எந்நாளும் மத்திய அரசின் உடைமை. நாம் வைத்திருப்பவர், உடையவர் டில்லி. ஆகவேதான் அது தொலைந்தால் 1,500 ரூபாய்ச் சீட்டுக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள். மழையிலே நனைந்ததா? விளக்கம் எழுது. களவு போயிற்றா? காவல் நிலையத்துக்கு ஓடு. அரசின் சொத்தாயிற்றே, அலட்சியம் செய்யலாமா!

சரி, ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் கேட்கிறோம்: அரசின் சொத்தை அயலான் எடுத்துப் பெட்டியிலே வைத்துப் பூட்டுகிறானே, உடையவர் எங்கே போனார்? மழையிலே நனைத்த ஏழையிடம் விளக்கம் கேட்கும் டில்லி, மாதக்கணக்கிலே பிடித்து வைத்திருக்கும் முதலாளியிடம் கேட்டதுண்டா?

அந்தப் பெட்டிக்கு எங்கிருந்து வந்தது இந்த வல்லமை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். வளைகுடா நாடுகளிலே கபாலா என்றொரு முறை. விசா தருவது அந்நாட்டு அரசு. கயிறு இருப்பது கபீல் என்னும் பொறுப்பு முதலாளியின் கையிலே. குடியிருப்பு அட்டையாகிய இக்காமாவை அவன்தான் எடுத்துத் தரவேண்டும், அவன்தான் புதுப்பிக்க வேண்டும். அவன் புதுப்பிக்கத் தவறினால் சட்டத்தை மீறியவன் யார் தெரியுமா? தொழிலாளி! ஆறு மாதமாகச் சம்பளம் இல்லையே என்று வேலையை விட்டு வெளியே வந்தால், ஓடிப்போனான் என்று புகார் எழுதுவான் கபீல். சவுதியிலே அதற்கு ‘ஹுரூப்’ என்று பெயர். அந்தப் பெயர் விழுந்துவிட்டால், வேறு வேலை இல்லை, சிகிச்சைக்குப் போகத் தயக்கம், தெருவிலே நடக்க அச்சம். கடைசியிலே தூதரகத்து வாசலிலே நின்று ‘அவுட்பாஸ்’ வாங்கி ஊர் வந்து சேரவேண்டும். கடவுச்சீட்டோடு போனவன் வெறும் தாளோடு திரும்புகிறான்.

நத்தம் பக்கத்து ஓட்டுநர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். தம்மாம் நகரிலே ஒரு வீட்டில் வண்டி ஓட்டுகிறார். ஊரிலே தாய் இறந்துவிட்டாள் என்று செய்தி வருகிறது. புறப்பட வேண்டும், கடவுச்சீட்டு பெட்டியிலே. போய்த் திரும்பும் விசா வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200 ரியால் கட்டணம். பணம் கிடக்கட்டும், கடன் வாங்கலாம். கபீலின் மனத்தை எங்கே கடன் வாங்குவது? பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்துவிட்டது, வண்டிக்கு ஆள் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறான் அவன். அடுத்த மாதமா? அதற்குள் இங்கே பதினாறாம் நாள் படையலும் முடிந்துவிடும்!

அதே தம்மாமுக்குப் பக்கத்திலே கோபர். அங்கிருந்து பகரைனுக்குக் கடல்மேல் ஒரு பாலம், 25 கிலோமீட்டர், 1986இலே திறந்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் தொலைவைவிடக் குறைவு. வளைகுடாக் குடிமகன் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மாலையிலே போய் இரவிலே திரும்புகிறான். அக்கரையிலே நம் ஓட்டுநரின் தம்பி மேசன் வேலை செய்கிறான். அண்ணன் தம்பியைக் காண வேண்டுமானால், இங்கிருந்து புறப்பட ஒரு விசா, அங்கே நுழைய ஒரு விசா, இரண்டும் ஒட்டக் கடவுச்சீட்டு, கடவுச்சீட்டுக்குக் கபீல்! கண்ணுக்கெட்டும் தூரத்திலே உடன்பிறந்தவன். கைக்கெட்டாத தூரத்திலே அவன் தோள்.

“அங்கெல்லாம் சட்டம் மாறிவிட்டதே” என்பார் சிலர். மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைப்பது சவுதியிலே தண்டத்துக்குரிய குற்றம். கத்தாரிலும் குற்றம். 2018இலே கத்தார், பெரும்பாலான தொழிலாளர்க்குப் புறப்பாட்டு அனுமதி தேவையில்லை என்றது. 2020 தொடக்கத்திலே வீட்டுப் பணியாளர்க்கும் அதை விரித்தது. உலகக் கோப்பைப் பந்தாட்டம் 2022இலே வரவிருந்தது. உலகத்தின் கண் அந்தப் பக்கம் இருந்தது. 2021 மார்ச்சிலே சவுதி அரசும், தொழிலாளியே கணினி வழி போய்வர அனுமதி கோரலாம் என்று கதவைச் சற்றே திறந்தது. ஆனால் வீட்டுப் பணிப்பெண்ணையும், வீட்டு ஓட்டுநரையும், தோட்டக்காரனையும், பாலைவனத்திலே ஆடு மேய்ப்பவனையும் அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்திற்று. எவனுக்குச் சாவி மிகத் தேவையோ அவனுக்குத்தான் இல்லை! குவைத்தோ பின்னோக்கி நடந்தது. 2025 ஜூலை முதல் நாளிலிருந்து, தனியார் துறையிலே வேலை செய்யும் வெளிநாட்டவர் நாட்டைவிட்டுப் புறப்பட முதலாளியின் ஒப்புதல் பெற்றாக வேண்டும் என்று ஆணையிட்டது. சட்டம் ஏட்டிலே, சீட்டு பெட்டியிலே, சிலவிடத்திலே சட்டமே பெட்டியின் பக்கத்திலே!

இது புதுக் கொடுமை என்று எண்ணிவிடாதீர்கள். திண்டுக்கல் அன்றைய மதுரை மாவட்டத்துக்குள் இருந்த காலத்திலே, இதே மண்ணிலிருந்து கங்காணி கூட்டிப் போனான் இலங்கைத் தேயிலைக் காட்டுக்கு. தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லையைத் தந்து, சரக்கு மூட்டை போலக் கப்பலேற்றினார்கள். காவிரிப்பூம்பட்டினத்திலே சோழன் புலிப்பொறி பதித்தது மூட்டைகளின்மீது, மனிதர்மீது அல்ல. வெள்ளைக்காரன் துரைத்தனத்திலே மனிதனுக்கே பொறி!

தோட்டத்துக்குப் போன பிறகு ‘துண்டு’ என்றொரு சீட்டு. தொழிலாளி பட்ட கடன் எவ்வளவு, அதைத் தீர்த்தால் அவனை விடலாம் என்று பழைய தோட்டத்துக்காரன் எழுதித் தரவேண்டும். துண்டு இல்லாதவனை வேறு தோட்டம் ஏற்காது. அந்தத் துண்டு முறையை 1921இலே ஒழித்தார்கள். ஒழித்தார்களா? பழைய முதலாளி ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தந்தால்தான் புதிய முதலாளியிடம் போகலாம் என்று வளைகுடாவிலே வழங்கியதே, அது துண்டின் பேரப்பிள்ளை அல்லவா? பெயர் அரபியிலே, பிறப்பு அதே குலத்திலே.

இலங்கைக் கதையின் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். 1948இலே குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் இயற்றினார்கள். நேற்றுவரை அக்கரைக்கும் இக்கரைக்கும் பிள்ளைப்பேறுக்கும் திருவிழாவுக்கும் போய்வந்த மக்கள், சீட்டு எங்கே என்ற கேள்விக்கு முன்னால் திகைத்து நின்றார்கள். சீட்டு இல்லாமல் வந்தவனுக்கு அங்கே வைத்த பெயர் கள்ளத்தோணி! 1964 அக்டோபரிலே சாஸ்திரியாரும் சிரிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று. அந்த மீதியை 1974இலே பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேங்காயை உடைத்துப் பங்கு வைப்பது போல மனிதர்களை! அப்படிக் கப்பலேறி வந்தவர்களிலே ஒரு பகுதியினரை நம் கொடைக்கானல் மலையிலே காணலாம். தேயிலைக் காட்டிலிருந்து வந்து, யூக்கலிப்டஸ் மரம் வெட்டும் கொத்தடிமை வேலையிலே சிக்கியவர்கள் அவர்களிலே உண்டு. அவர்கள் கையிலேயும் கடவுச்சீட்டு இருந்தது, தோழரே!

இனி நம் வீட்டு நீதிக்கு வருவோம். அயலான் பூட்டியது ஒரு பூட்டு. நம் அரசே போட்ட பூட்டு ஒன்று உண்டு, பெயர் ஈ.சி.ஆர். பத்தாம் வகுப்பு தேறாதவன் கடவுச்சீட்டிலே அந்த மூன்று எழுத்து பொறிக்கப்படும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, அவன் சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் காப்பாளர் என்ற அதிகாரியின் ஒப்புதல் பெறவேண்டும். காப்பாளர்! கூலிக் கப்பல் காலத்து வெள்ளைக்காரன் வைத்த பட்டப்பெயர். அதைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

நான் கல்லூரிப் படியிலே பாதியிலே இறங்கியவன். பட்டம் பெறாதவன். மேடையிலே பேசுவதும் நாடகம் எழுதுவதும் என் தொழில். ஆயினும் என் கடவுச்சீட்டிலே அந்த முத்திரை இல்லை. ஏன்? பத்தாம் வகுப்பு தேறிவிட்டேனாம்! எங்கள் தெருக் கொத்தனார், கண்ணாலே பார்த்துச் சுவரின் கோணல் சொல்பவர், நான்கு வீட்டை நிமிர்த்தியவர், அவருக்கு முத்திரை உண்டு. வருமான வரி கட்டுபவனுக்கு முத்திரை இல்லை. வயது ஐம்பதைத் தாண்டினால் முத்திரை இல்லை. ஆகவே முத்திரையின் பொருள் என்ன? இளமையும் உழைப்பும் உண்டு; ஏடும் பணமும் இல்லை என்பதுதானே!

முத்திரை போதாது என்று 2018 ஜனவரியிலே ஒரு திட்டம் போட்டார்கள். இந்த மூன்றெழுத்துக்காரர்களுக்கெல்லாம் ஆரஞ்சு நிற அட்டையிலே தனிக் கடவுச்சீட்டு! தூதர்க்கு அரக்கு நிறம், அரசு அலுவலர்க்கு வெள்ளை நிறம், பொதுமக்களுக்கு நீல நிறம், பாட்டாளிக்கு ஆரஞ்சு நிறம். எண்ணிப் பாருங்கள், நான்கு! வருணம் என்ற சொல்லுக்கு வடமொழியிலே நிறம் என்று பொருள். நாலு வருணத்தையும் நயமாகக் கொண்டுவந்து விமான நிலையத்திலே நிறுத்தப் பார்த்தார்கள். கேரளம் கொதித்தெழுந்தது, வழக்கு மன்றம் வரை போயிற்று, அதே மாதம் 30ஆம் நாள் திட்டத்தைச் சுருட்டிக்கொண்டார்கள். நிறம் போயிற்று. எழுத்து நிற்கிறது.

நாடகக்காரன் ஆயிற்றே, இதை ஒரு காட்சியாக எழுதினால் இப்படி வரும்:

தொழிலாளி: ஐயா, எனக்கு மட்டும் ஏன் இந்த எழுத்து?

அதிகாரி: உன் பாதுகாப்புக்காகத்தான் அப்பா. படிக்காதவன் ஏமாந்துவிடக் கூடாதே!

தொழிலாளி: ஏஜென்ட்டு 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறதாமே. நான் அதைப்போலப் பல மடங்கு கொடுத்தேனே?

அதிகாரி: ரசீது வைத்திருக்கிறாயா?

தொழிலாளி: அங்கே போனதும் கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டால்?

அதிகாரி: அது அயல்நாட்டு விவகாரம்.

தொழிலாளி: அங்கே செத்துப்போனால்?

அதிகாரி: அதற்கு வழி உண்டு! விபத்து என்றால் பத்து இலட்சம் காப்பீடு!

சிரிக்காதீர்கள். பத்து இலட்சக் காப்பீடு உண்மை. 30,000 ரூபாய் வரம்பும் உண்மை. செத்தவனுக்குக் கணக்கு இருக்கிறது. உயிரோடு இருப்பவனின் கடவுச்சீட்டுக்குத்தான் கணக்கில்லை.

படிப்பில்லாதவனுக்கே ஆபத்து, அதனால்தான் முத்திரை என்ற வாதம் 2022இலே பொடிப்பொடியாயிற்று. தாய்லாந்திலே கணினி வேலை என்று நம்பிப் போன படித்த இளைஞர்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சேர்த்து, மே சோட் எல்லை வழியாக மோய் ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணைய மோசடி செய் என்று அடித்தார்கள். முத்திரையே இல்லாத கடவுச்சீட்டு அவர்களுடையது! பட்டம் காத்ததா? ஆங்கிலம் காத்ததா? தப்பி வந்தவர்களிலே சிலர்மீது, விசா இன்றி எல்லை தாண்டியவர் என்ற குற்றமும் சுமந்தது. கழுத்திலே கத்தி வைத்துக் கடத்தியவன் எல்லைக்கு அப்பால். கடத்தப்பட்டவன் குற்றவாளிக் கூண்டிலே! ஆபத்து கல்விக் குறைவிலே இல்லை, தோழரே. கடவுச்சீட்டு எவன் கையில் என்பதிலே இருக்கிறது.

கடவுச்சீட்டின் உரிமை வரலாற்றைச் சற்றே புரட்டுங்கள். 1967இலே சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கு: வெளிநாடு செல்வது தனிமனித உரிமையின் ஒரு கூறு என்றது உச்ச நீதிமன்றம். அதன் விளைவாகத்தான் அதே ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. வழக்காடியவர் வணிகர். 1978இலே மேனகா காந்தி வழக்கு: காரணம் சொல்லாமல், கேள்வி கேட்க இடம் தராமல் கடவுச்சீட்டை முடக்கலாகாது என்று அரசுக்கே பாடம் புகட்டிற்று. வழக்காடியவர் முன்னாள் பிரதமரின் மருமகள். 2008இலே சுரேஷ் நந்தா வழக்கு: கடவுச்சீட்டை முடக்கிவைக்கும் அதிகாரம் கடவுச்சீட்டு அதிகாரிக்கே உண்டு, மத்தியப் புலனாய்வுத் துறையும் அப்படிப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று தீர்ந்தது. அவரும் பெரும் வணிகர்.

நல்ல தீர்ப்புகள்! நாட்டுக்கே பெருமை! ஆனால் புலனாய்வுத் துறைக்கு இல்லாத அதிகாரம், நீதிமன்றமே எளிதாக எடுத்துக்கொள்ள முடியாத அதிகாரம், ரியாத்திலே சிமெண்டு ஒப்பந்தம் எடுத்தவனுக்கு எப்படி வந்தது? வணிகர் வழக்கு வந்தது, மருமகள் வழக்கு வந்தது. வேடசந்தூர்க் கொத்தனாரின் வழக்கு ஏன் வரவில்லை? வழக்குப் போட அவர் ஊர் வந்து சேரவேண்டுமே; ஊர் வரக் கடவுச்சீட்டு வேண்டுமே!

டில்லிக்கு வழியில்லை என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். மூன்றெழுத்துக்காரரை வேலைக்கு எடுக்கும் அயல்நாட்டு முதலாளி, இ-மைக்ரேட் என்னும் நம் அரசின் தளத்திலே பதிவு செய்தே ஆகவேண்டும். கதவு நம் கையிலே! கடவுச்சீட்டைப் பிடித்து வைத்தான் என்று ஒரு முறை மெய்ப்பட்டால், அவன் பெயரை அந்தத் தளத்திலிருந்து அடித்து வெளியே தள்ளட்டும். தூதரகத்துக்கு வரும் புகாரை, தொழிலாளியின் சொந்தச் சண்டை என்று ஒதுக்காமல், இந்திய அரசின் சொத்தைப் பிடித்து வைத்த வழக்காக எடுக்கட்டும். புதிய சீட்டுக்கான தண்டத்தைப் பறிகொடுத்தவனிடம் கேட்காமல் பறித்தவனிடம் வாங்கட்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றப்போகிறோம் என்று 2019இலே ஒரு வரைவு, 2021இலே ஒரு வரைவு, 2025இலே மற்றொரு வரைவு வெளியிட்டார்களே, அந்த வரைவிலே இதற்கு ஒரு வரி எழுத மை இல்லையா?

பணம் மட்டும் இனிக்கிறது. 2023–24ஆம் ஆண்டிலே அயல்நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த தொகை 11,870 கோடி டாலர் என்கிறது ரிசர்வ் வங்கி. அதிலே தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்குப் பத்துக்கும் மேல். அந்தப் பணத்தைத் தடையின்றிச் செல்ல விடுகிறார்கள், எந்த விசாவும் கேட்காமல்!

நம் பகுதித் தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. நாகல் நகரிலும் பேகம்பூரிலும் சின்னாளபட்டியிலும் படிப்பகம் இருக்கிறது அல்லவா? அங்கே ஒரு குறிப்பேடு திறவுங்கள். அயல்நாடு போனவர் வீடு வீடாகச் செல்லுங்கள். கடவுச்சீட்டு, விசா, வேலை ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டிலே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் இன்றே அனுப்பச் சொல்லுங்கள். நகல் இருந்தால் தூதரகத்திலே அடையாளம் நாட்டுவது எளிது. இல்லாவிடில் இவன் யார் என்பதிலேயே மாதம் ஓடிவிடும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மூலச் சீட்டு இப்போது யார் கையிலே இருக்கிறது? விடையை எழுதுங்கள். முதலாளியின் பெயர், ஊர், எந்த நாளிலிருந்து. பெண்கள் பேசத் தயங்குவார்கள். பிள்ளைக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சுவார்கள். தாய்மார்களை நம் மகளிர் அணித் தோழியர் போய்ப் பார்க்கட்டும். குறிப்பேட்டை வெளியார் கையிலே கொடுக்க வேண்டாம்.

அந்த ஏடு நிறைந்ததும் நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் சேர்ப்போம். அவர் எழுந்து அவையிலே கேட்கட்டும்: 17ஆம் பிரிவின்படி உங்கள் உடைமையான கடவுச்சீட்டுகளிலே, இன்றைய தேதியிலே எத்தனை அயல்நாட்டு முதலாளிகளின் பெட்டியிலே கிடக்கின்றன? அமைச்சர் எண்ணிக்கையைச் சொல்லட்டும். பெட்டிகளின் முகவரியைத் திண்டுக்கல் சொல்லும்!